தோற்பதற்கென்று ஒரு துருக்கியன்

ராஜா வீட்டுக் கல்யாணம் என்று வந்துவிட்டால் யாராவது ஒருத்தன் தோற்றுத்தான் ஆக வேண்டும். மோதிரம் மாற்றினோமா, சாப்பிட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்க அவர்கள் என்ன நம்மைப் போல ஏழை பாழைகளா? இளவரசிக்கும் ஜெர்மன் தேசத்துச் சிற்றரசன் ஒருவனுக்கும் கல்யாணம் நிச்சயமானதுமே, தேம்ஸ் ஆற்றில் அரண்மனைக்கு எதிரே ஒரு கப்பற்போர் நடத்துவது என்று முடிவாயிற்று. அதில் கிறிஸ்தவர்கள் ஜெயிப்பார்கள், துருக்கியர்கள் தோற்பார்கள். இதைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துவிட்டார்கள். துருக்கியர்களை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு லண்டனில் துருக்கியனும் இல்லை. அதனால் படகோட்டிகளைப் பிடித்தார்கள்.

துருக்கித் தளபதி வேஷம் ஜெர்வாஸ் டன்னிங்கின் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மனுஷன். வீரத்தைப் பார்த்தெல்லாம் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவனுக்குச் சொந்தமாகப் பெரிய மீசை இருந்தது. மற்றவர்களுக்குக் குதிரை மயிரை ஒட்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

மீசைக்காக அவர்கள் அவனைப் பிடித்தார்கள் என்றால், ஒரு சிவப்புக் கோட்டுக்காக அவன் ஒத்துக்கொண்டான். ராஜாவின் சொந்தப் படகோட்டிகள் சிவப்புக் கோட்டுப் போட்டிருப்பார்கள், மார்பில் வெள்ளி வில்லை இருக்கும். அதைப் போட்டவன்மேல் கடற்படைக்கு ஆள் பிடிக்கிற கூட்டம் கை வைக்க முடியாது. மற்ற படகோட்டிகளை அந்தக் கூட்டம் கோழி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு போகும். நான்கு வருஷத்துக்கு முன் ஜெர்வாஸை அப்படித்தான் படித்துறையிலேயே அமுக்கினார்கள். வீட்டுக்கு வாங்கிய ரொட்டி கக்கத்தில் இருந்தது. பதினான்கு மாதம் கழித்து, வலது காலில் மூன்று விரல் குறைந்து திரும்பி வந்தான். அவன் போகும்போது தொட்டிலில் கிடந்த பெண் குழந்தையை, வந்தபோது தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் காட்டினார்கள்.

அவன் மனைவி தாமசின் அப்போது அழவில்லை. ஒரே ஒரு தடவை, மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"இன்னொரு தடவ உன்னத் தூக்கிட்டுப் போனாங்கன்னா நான் காத்துக்கிட்டெல்லாம் இருக்க மாட்டேன்யா. ஆத்துல விழுவேன், இல்லாட்டி வேற எவனையாவது கட்டிக்குவேன். ரெண்டுல எதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணிக்கிறேன்."

இரண்டில் எதையும் செய்யக்கூடியவள்தான். இந்தக் கல்யாணம் முடிந்த கையோடு பெரிய கப்பல்கள் கிளம்புகின்றன, ஆற்றிலிருந்து முந்நூறு பேரை அள்ளப்போகிறார்கள் என்று படித்துறை முழுக்கப் பேச்சு. ஜெர்வாஸுக்கு அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து சோறு தண்ணி இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் சர் பெரிக்ரின் மால்பி என்கிற பெரிய துரை வந்து, ராஜா முன்னால் அழகாகத் தோற்றுக் காட்டினால் சிவப்புக் கோட்டு உனக்குத்தான் என்று சத்தியம் செய்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். தோற்பது ஜெர்வாஸுக்குப் புதுசும் இல்லை.

இந்தக் கப்பற்போருக்குக் கதை எழுதியது, கொடி தைக்கச் சொன்னது, கிறிஸ்தவத் தளபதியாக நடிக்கப்போவது எல்லாமே சர் பெரிக்ரின்தான். ஆற்றை மட்டும் அவர் பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருந்தார். தோற்பது எப்படி என்று ஒரு வாரம் பாடம் நடத்தினார். மூன்று முறை கையை விரித்துப் புலம்ப வேண்டும். மூன்றாவது புலம்பலில் தலைப்பாகை விழ வேண்டும். இடது முழங்காலில்தான் மண்டியிட வேண்டும், ஏனென்றால் வலது முழங்கால் வெளிநாட்டுத் தூதர்களுக்கு உரியதாம். ஜெர்வாஸ் தன் வாழ்நாளில் ஒரு துருக்கியனையும் பார்த்ததில்லை. அவனைப் படித்துறையிலிருந்து தூக்கிக்கொண்டு போனவன் துருக்கியன் இல்லை, இதே ராஜாவின் ஆள்தான். இருந்தாலும் துருக்கியன் தோற்றால் நாட்டுக்கு நல்லது என்று படித்தவர்கள் சொல்லும்போது, இருந்தாலும் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு புலம்பிப் பழகினான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. போர் இரண்டு மணிக்கு. கிறிஸ்தவத் தளபதியின் பெரிய கப்பல் ஆற்றின் கீழ்ப்பக்கமிருந்து மேலே ஏறி வந்து, அரண்மனைக்கு எதிரே நிற்கிற துருக்கியரை அடிக்க வேண்டும். அந்தக் கப்பலுக்குத் துடுப்பு கிடையாது. பாய் உண்டு, ஆனால் பட்டுப் பாய். காற்றைப் பிடிக்கவா அதைத் தைத்தார்கள்? ஆகவே கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறுகிற தண்ணீர்தான் அதை மேலே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அன்றைக்கு ஏற்றம் மூன்று மணி வரைக்கும்தான். அதற்குமேல் தண்ணீர் திரும்பி லண்டன் பாலத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிடும். இதைப் படகோட்டி வீட்டுப் பூனைகூடச் சொல்லும்.

"தொர, மூணு மணிக்கு மேல ஆறு எறங்க ஆரம்பிச்சுரும். அதுக்குள்ள முடிச்சாத்தான் உண்டு."

சர் பெரிக்ரின் தன் தாளைப் பிரித்து மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார்.

"ராஜா சாப்ட்டு எழுந்திரிச்சதும் போர்னு போட்டிருக்கு. ஆத்தப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையேப்பா."

"ஆத்துக்கும் ஒரு வார்த்த சொல்லி வச்சிருங்க தொர" என்றான் ஜெர்வாஸ். அதை அவர் நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கல்யாணத்து மறுநாள் ஊரே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. கூரைமேல் ஆள், மரத்துமேல் ஆள், நிறுத்தி வைத்த கரிப் படகுகளின் மேல் ஆள். எதிர்க்கரையான லாம்பெத் பக்கம் சேற்றை ஒட்டித் தாமசின் தன் சிநேகிதிகளோடு நின்றிருந்தாள். அங்கே நிற்கிற பெண்கள் எல்லோருடைய வீட்டுக்காரரும் அன்றைக்குத் துருக்கியர். அரண்மனையின் பழைய மேசைத் துணிகளைக் கிழித்துத்தான் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். ஜெர்வாஸின் தலைப்பாகையில் ஏதோ ஒரு விருந்தின் குழம்புக் கறை பெரிசாகத் தெரிந்தது. அது துருக்கிச் சின்னம் என்று கூட்டத்தில் ஒருத்தர் மற்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி அடித்தது. ராஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டரை ஆயிற்று, அன்னத்தை முழுசாகச் சுட்டு, இறகைத் திரும்ப ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார்களாம். மூன்று ஆயிற்று, மாப்பிள்ளையின் நாட்டுத் தூதர் முதலில் எழுந்திருப்பதா, பிரெஞ்சுத் தூதர் முதலில் எழுந்திருப்பதா என்று தகராறு, ஆகவே யாருமே எழுந்திருக்கவில்லை. பிப்ரவரிக் குளிரில் நாற்பது துருக்கியர்கள் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்வாஸ் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். மிதந்து மேலே வந்த வைக்கோல் ஒன்று நின்றது, சற்று யோசித்தது, பிறகு வந்த வழியே கிளம்பிற்று.

"முடிஞ்சுது போ" என்றான் அவனுடைய முதல் துடுப்புக்காரன் ஹம்ஃப்ரி.

மூன்றரைக்கு ராஜா ஜன்னலில் வந்து அமர்ந்தார். பீரங்கி முழங்கியது. கட்டுகளை அவிழ்த்ததும் கிறிஸ்தவத் தளபதியின் கப்பல் கம்பீரமாகப் பின்பக்கமாகப் போக ஆரம்பித்தது. வெள்ளிக் கவசம் போட்ட இருபது பிரபு வீட்டுப் பிள்ளைகள் வாளை உருவி அரண்மனையை நோக்கி நீட்டியபடி, அரண்மனையை விட்டு விலகிக்கொண்டே இருந்தார்கள். துணைக்கு வந்த சின்னக் கப்பல்கள் ஆளுக்கொரு பக்கம் சேற்றில் போய்ச் சொருகின. பார்க்கிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு குண்டுகூடச் சுடாத துருக்கியனைப் பார்த்துக் கிறிஸ்தவச் சேனை முழுசும் ஓடுகிறது! ஜன்னலில் நின்ற பிஷப் ஒருவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டதைப் படகிலிருந்தவர்களே பார்த்தார்கள்.

நங்கூரம் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். போட்டார்கள். அழகாக இருக்கட்டும் என்று அதை மரத்தில் செய்து தங்க முலாம் பூசியிருந்தார் சர் பெரிக்ரின். அது தொப்பென்று விழுந்து, மேலே வந்து, கப்பலுக்குப் பக்கத்திலேயே கூட வந்துகொண்டிருந்தது.

கீழே லண்டன் பாலம். இறங்கு தண்ணீரில் அதன் வளைவுகளுக்கு அடியில் ஆறு அருவி மாதிரி விழும். கை தேர்ந்த படகோட்டியே பயணிகளைக் கரையில் இறக்கிவிட்டுத்தான் அதற்குள் நுழைவான். இந்தக் கப்பல் போனால் விறகுக்குத்தான் ஆகும்.

துருக்கியர் நடுவில் சிரிப்புப் பொங்கியது. "விடுண்ணே, போகட்டும். இன்னிக்கு ஒரு நாளாவது நம்ம ஜெயிச்சமுன்னு இருக்கட்டும்" என்றான் ஹம்ஃப்ரி.

ஜெர்வாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கப்பலில் சுக்கான் பிடிக்க ஏற்றியிருந்த எட்டுப் பேரும் தங்கள் படித்துறைக்காரர்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், சர் பெரிக்ரின் பாலத்துக்கடியில் போய்ச் செத்தால் கோட்டு வாங்கித் தர வேறு யார் இருக்கிறார்கள்? துருக்கியனைத் தோற்கடிக்க ஆள் இல்லாமல் போனால் துருக்கியன் எப்படித் தோற்பான்?

"அந்தாளு செத்தா என் கோட்டும் சாகும்டா. போடு துடுப்ப!"

நாற்பது துடுப்பும் ஒன்றாக விழுந்தன. துருக்கிப் படகு தண்ணீரோடு பாய்ந்து போய்க் கப்பலைப் பிடித்தது. கவசக்காரப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைப் போர் என்றே நினைத்து "சரண்! சரண்!" என்று வாளைக் கீழே போட்டுவிட்டார்கள். சர் பெரிக்ரின் தங்கத் தலைக்கவசத்தைக் கழற்றி அதில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஜெர்வாஸ் கயிற்றை எறிந்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"ராஜா பாக்குறாராப்பா?"

"பாக்குறாரு தொர. கோட்டு விஷயம் என்னாச்சு?"

"உனக்குத்தான். எங்கம்மா மேல ஆணையா உனக்குத்தான். எப்பிடியாவது என்ன அரண்மனப் படிக்கட்டுல கொண்டுபோய் விட்டுரு, அங்க வச்சு உன்னத் தோக்கடிச்சுர்றேன்."

நடு ஆற்றில் இறங்கு தண்ணீரை எதிர்த்து அந்தப் பூதத்தை இழுக்க முடியாது. ஆனால் லாம்பெத் கரையை ஒட்டி, ஆற்றின் உள்வளைவில், தண்ணீர் சோம்பேறியாகக் கிடக்கும். கப்பலை அங்கே ஒதுக்கிவிட்டு, முப்பது துருக்கியரைக் கரையில் இறக்கி, கயிற்றைத் தோளில் போட்டுச் சேற்றில் நடக்கவிட்டான் ஜெர்வாஸ். மீதிப் பேர் படகிலிருந்து துடுப்புப் போட்டார்கள். கப்பல் அங்குலம் அங்குலமாக மேலே ஏறியது. ஊர் பார்த்த காட்சி இதுதான்: மேசைத் துணி கட்டிய துருக்கியர்கள் முழங்கால் சேற்றில் மூச்சு வாங்க, தங்களைத் தோற்கடிக்கப்போகிற கப்பலைத் தாங்களே இழுத்துக்கொண்டு வருகிறார்கள்; மேலே கிறிஸ்தவ வீரர்கள் கீழே போட்ட வாளைப் பொறுக்கி மறுபடி நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள் நின்ற இடத்துக்கு வந்தபோது கயிறு நின்றுவிட்டது. துருக்கியருக்குத் தெம்பு போய்விட்டது. படகின் முனையில் நின்ற ஜெர்வாஸ், தாமசினைப் பார்த்து மார்பில் கோட்டுப் பொத்தான் மாட்டுவது போல ஜாடை காட்டினான். அவளுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"வாங்கடி, வந்து புடிங்க. எம் புருசன் கோட்டு அந்தக் கப்பல்லதான் கெடக்கு."

பதினைந்து பெண்கள் கயிற்றைப் பிடித்ததும் கப்பல் கிளம்பிவிட்டது. தாமசின் பின்னால் சாய்ந்து, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கை தோலுரிந்தது. நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்ததையெல்லாம் அந்தக் கயிற்றில் காட்டினாள். அரண்மனையைத் தாண்டி மேலே முந்நூறு அடி போனதும் ஜெர்வாஸ் கயிற்றை வாங்கிக்கொண்டான். இனி ஆறு அவன் கையில். கப்பலைக் குறுக்கே திருப்பிவிட்டு, இறங்கு தண்ணீரே அதைப் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போய் அரண்மனைப் படிக்கட்டில் மெத்தென்று வைக்கும்படி விட்டான். படிக்கட்டில் ஒரு நகக்கீறல்கூட இல்லை. படகோட்டிகள் இன்றைக்கும் அந்த வேலையைப் பற்றிப் பேசுவார்கள்.

உடனே சர் பெரிக்ரின் துருக்கிப் படகில் குதித்தார். ஜெர்வாஸ் மூன்று முறை புலம்பினான், தலைப்பாகை வேளை தவறாமல் விழுந்தது, இடது முழங்கால் ஈரப் படகில் பட்டது. தங்கத்தாள் ஒட்டிய சங்கிலியைக் கையில் மாட்டி ராஜா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ராஜா ஒரு கேள்விதான் கேட்டார். துருக்கியன் எதற்குக் கப்பலை இழுத்தான்?  சர் பெரிக்ரின் கண் இமைக்காமல் சொன்னார்: இளவரசியாரின் கீர்த்தி அப்பேர்ப்பட்டது மகாராஜா, எதிரியே வெற்றியைத் தோளில் சுமந்து கொண்டுவந்து காலடியில் வைக்கிறான் என்பது இதன் உட்பொருள். அடேயப்பா, சபையில் எழுந்த பெருமூச்சைக் கேட்க வேண்டுமே! பிஷப் இதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறித்துக்கொண்டார். பிரெஞ்சுத் தூதர், தனக்கு ஆரம்பத்திலேயே புரிந்துவிட்டது என்றார். கப்பல் பின்பக்கமாகப் போனது எதைக் குறிக்கிறது என்று ஒரு சீமாட்டி கேட்டாள். பணிவைக் குறிக்கிறது என்று நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

துரைமார்களில் வாக்குத் தவறாதவர் ஒருத்தர் உண்டென்றால் அவர் அன்றைக்கு சர் பெரிக்ரின்தான். அந்த இடத்திலேயே, இந்தப் படகோட்டிக்கு ஒரு சிவப்புக் கோட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறேன் மகாராஜா, கிருபை செய்ய வேண்டும் என்று கேட்டேவிட்டார்.  எதிர்க்கரையில் சேறும் சகதியுமாக ஒருத்தி எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

ராஜா அவனை ஏற இறங்கப் பார்த்தார். உட்பொருளெல்லாம் மற்றவர்களுக்கு, அவருக்குக் கண் இருந்தது. இறங்கு தண்ணீரில் இந்தக் கப்பலைப் படிக்கட்டில் கொண்டுவந்து வைத்தவன் இவன்தானே என்று கேட்டார். இப்படிப்பட்டவனுக்கா கோட்டு? என் நாய்களையும் வெளுக்கிற துணியையும் ஏற்றிக்கொண்டு இந்தக் குட்டையில் திரியவா? பெரிய கப்பல்கள் வியாழக்கிழமை கிளம்புகின்றன. முதல் கப்பலில் இவன் பெயரை முதலில் எழுதுங்கள், மூன்று வருஷத்துக்கு. என் பெண்ணின் கல்யாணத்தை ஒட்டி இவனுக்கு இது பரிசு.

ஜெர்வாஸ் தலையை நிமிர்த்தினான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இந்த இடத்தில் வசனம் கிடையாது.

"ராசா, எனக்கு அதெல்லாம் வேணாம் ராசா. அந்தக் கோட்டு ஒண்ணு போதும்."

சபை உருகிவிட்டது. என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று சீமாட்டிகள் கைக்குட்டையை எடுத்தார்கள். ராஜாவும் கலங்கிப்போய், அப்படியானால் நான்கு வருஷம் என்று ஏற்றிக் கொடுத்து, குனிந்து தன் கையாலேயே அவன் தோளைத் தொட்டார். கைதட்டல் ஆற்றைத் தாண்டி எதிர்க்கரை வரைக்கும் கேட்டது.

எதிர்க்கரையில் வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை, ராஜா தோளைத் தொட்டது மட்டும் தெரிந்தது. தாமசின் பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். கிடைத்துவிட்டது, என் புருஷனுக்குக் கிடைத்துவிட்டது, இனிமேல் எவன் வந்து தொடுவான் பார்க்கிறேன் என்று கரையில் நின்ற ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னாள். பிறகு தண்ணீர் ஓரமாக வந்து நின்று, தோலுரிந்த இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அவனைப் பார்த்து ஆட்டினாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. வேறென்ன செய்வான், அவனும் சங்கிலி போட்ட கையைத் தூக்கி ஆட்டினான்.